கிளென் ஈடன்: தோட்டத்திலிருந்து கொல்லைக்கு

ஆக்லாந்தின் மேற்கே, வைட்டாகெரே மலையடிவாரத்தில் இருக்கும் கிளென் ஈடனில் இன்று வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. 1921இல் இந்தப் பெயர் வரும்வரை இவ்வூரின் பெயர் வைகுமேட்டே என்றிருந்தது. இங்கும் பக்கத்து ஒராட்டியாவிலும் ஆப்பிள், திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. டால்மேஷியக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர் அவற்றில் உழைத்தார்கள்.

ஆப்பிளைத் துளைக்கும் புழுவுக்கு அக்காலத்தில் அடித்த மருந்து ஈய ஆர்சனேட். பூவிதழ் உதிர்ந்த பிறகே அடிப்பார்கள். ஆனால் மரத்தடியில் குளோவர் பூத்துக் கிடக்கும். மருந்து அதன்மேலும் படியும். தேனீ மருந்து படிந்த அந்த மகரந்தத்தைக் கூட்டுக்குக் கொண்டுபோகும், அதைத் தின்ற தேனீப் புழுக்களும் சாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி வந்தது. நியூசிலாந்து அதை முழுவதுமாகத் தடைசெய்தது 1989இல்தான். ஆக்லாந்தின் பழைய தோட்ட மண்ணில் ஆர்சனிக்கும் ஈயமும் டிடிடியின் மிச்சமும் இன்றும் அகப்படுகின்றன.

அன்று தேனீ செத்தால் வளர்ப்புப் பெட்டிக்கு முன்னே குவிந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியும். மரப்பொந்துகளில் காட்டுக் கூடுகளும் இருந்தன. 2000 ஏப்ரலில் ஆக்லாந்தில் தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்தக் கூடுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. இப்போது நம் பூவுக்கு வரும் தேனீ அநேகமாக யாரோ ஒருவர் பெட்டியில் வளர்ப்பது. அந்த உண்ணியை ஒழிக்கப் பெட்டிக்குள் தொங்கவிடும் பட்டைகள் சிலவற்றில் இருப்பதும் பூச்சிமருந்துதான்.

2002 முதல் 2004 வரை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சியை ஒழிக்க மேற்கு ஆக்லாந்தின் மேல் விமானத்திலிருந்து மருந்து தூவினார்கள். கூரைக்கு மேல் மருந்து விழுந்தால் யார்தான் கலங்கமாட்டார்கள்? ஆனால் ஃபோரே 48பி என்ற அந்தக் கரைசலில் இருந்த பாக்டீரியா நஞ்சு அந்துப்பூச்சி இனத்தின் புழுக்களின் குடலில்தான் வேலை செய்யும். தேனீக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை.

எனக்குக் கவலை தருவது ஓசையில்லாமல் வரும் மருந்துதான். இமிடாக்ளோப்ரிட் போன்ற நியோனிகோட்டினாய்டுகள் செடியின் சாற்றில் ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலக்கின்றன. 2012இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், அவ்வகை மருந்து ஒன்றைக் கொல்லாத அளவில் ஊட்டிய தேனீக்கள் பல கூடு திரும்பவில்லை. இப்படி வழி தவறிய தேனீ பெட்டிக்கு முன்னே செத்துக் கிடக்காது. கூட்டம் மெல்லக் குறையும், வளர்ப்பவருக்குக் காரணம் புரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றுள் மூன்றைத் திறந்தவெளிப் பயிரில் தடைசெய்தது. நியூசிலாந்து அந்தளவுக்குப் போகவில்லை.

தோட்டக்காரர் கையிலிருந்த தெளிப்பான் இன்று நம் கையில் இருக்கிறது. கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் அசுவினி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். மருந்து தவிர்க்க முடியாதென்றால் லேபிளைப் படியுங்கள். பூத்த செடியில் அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் தேனீப் பெட்டி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.