காசும் அது கிடந்த இடமும்

பழம் பொற்காசு ஒன்று கடைக்கு வந்துவிட்டால் அதனைக் கையிலெடுத்துப் பார்ப்போர் மூவகையினர். பொற்கொல்லர் அதன் மாற்றையும் எடையையும் பார்ப்பர். காசு சேர்ப்போர் அதன் அருமையையும் விலையையும் பார்ப்பர். வரலாறு கற்போர் அதன்மேல் உள்ள எழுத்தையும் உருவத்தையும் பார்ப்பர். இம்மூவரும் பெரும்பாலும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. ‘இக்காசு எங்கே கிடந்தது? எவற்றோடு கிடந்தது?’ என்பதே அக்கேள்வி. அதற்கு விடை இருந்தால் காசு வரலாற்றுச் சான்றாகும். இல்லையேல் அழகிய பொன் துண்டாகவே நின்றுவிடும். இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கும் பல நாட்டுக் காசுகளும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய நாள்தொட்டு, ஜார்ஜ் டவுன் பல நாட்டுக் காசுகள் கைமாறும் துறைமுகமாகவே வளர்ந்தது. ஸ்பானிய வெள்ளியும், கும்பினியின் செப்புக் காசும், இந்திய ரூபாயும் ஒரே சந்தையில் புழங்கின. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்துக் கடன் கொடுத்தனர். தமிழ் முஸ்லிம் பெருமக்கள் நாணய மாற்றுத் தொழிலை நடத்தினர். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கியோர், தங்கள் சேமிப்பைத் தாலியிலும் காசுமாலையிலும் கோத்துக் கொண்டு வந்தனர். நகை அளவையாக நாம் இன்றும் வழங்கும் ‘பவுன்’ என்னும் சொல்லே, 7.99 கிராம் எடையுள்ள ஆங்கிலப் பொற்காசின் பெயரன்றோ!

ஆகவே இந்நகரின் சிறு நாணயக் கடைகளிலும், லோரோங் கூலிட் பழம்பொருட் சந்தையிலும் செம்பும் வெள்ளியுமான பழங்காசுகள் குவிந்து கிடப்பதில் வியப்பில்லை. பொற்காசு அருகியே வரும். வருமாயின் அது ஆங்கிலப் பவுனாக இருக்கலாம். சென்னையில் அச்சிடப்பட்ட வராகனாக இருக்கலாம். மலாய் அரசுகளின் ‘மாஸ்’ என்னும் சிறு பொற்காசாக இருக்கலாம். ஜொகூர் சுல்தான்களின் எண்கோண மாஸும், கிளந்தான், பட்டாணிப் பகுதிகளின் ‘கீஜாங்’ காசும் இவ்வகையின. கீஜாங் என்பது ஒருவகை மான். அவ்வுருவம் இந்திய எருதுக் காசின் வழிவந்தது என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். மலேசியத் தேசிய வங்கியின் சின்னத்தில் நாம் காணும் மானும் அப்பழங்காசிலிருந்து வந்ததே.

ஒரு காசு, மூன்று வரலாறு

இனி, கடைக்காரர் ஒருவரிடம் சோழர் பொற்காசு ஒன்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சோழர் காசுகள் பலவற்றில் புலியும் கயலும் வில்லும் சேர்ந்து காணப்படும். ஆகவே அதனை இன்னதென்று இனங்காண்பது அரிதன்று. ஆயினும் அக்காசு பினாங்கிற்கு எவ்வாறு வந்தது?

கடலுக்கு அப்பால் கெடா மாநிலத்தில், மெர்போக் ஆற்றங்கரை மண்ணிலிருந்து அஃது எடுக்கப்பட்டிருக்கலாம். இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025இல் வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு கூறும் கடாரம், இக்கெடாவே என்பர் அறிஞர். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டுள்ளன. அம்மண்ணில் சோழர் காசு கிடந்தது மெய்யாயின், அது கடாரத்து வாணிகத்திற்கும் படையெடுப்பிற்கும் கையிலேந்தும் சான்றாகும்.

இரண்டாவதாக, நூறாண்டுகட்கு முன் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் தகரப்பெட்டியில் அஃது இருந்திருக்கலாம். அப்போது அது சொல்வது சோழர் வரலாறு அன்று. நம் மூதாதையர் கடல் கடந்த வரலாறு.

மூன்றாவதாக, சென்ற ஆண்டு காசு சேர்ப்பவர் ஒருவர் சென்னையில் வாங்கி வானூர்தியில் கொண்டு வந்ததாக இருக்கலாம். அப்போது அது பினாங்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

காசு ஒன்றே, எடையும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. கிடந்த இடம் மாறினால் வரலாறு மாறிவிடுகிறது. இடத்தை அறியாமல், ‘கடாரத்தில் சோழர் பொற்காசு’ என்று எழுதிவிடுவது பிழையான பாடத்தைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவதாகும்.

புதுக்கோட்டைப் புதையல்

காசுகள் சேர்ந்து கிடந்தமையால் விளைந்த பயனுக்குப் புதுக்கோட்டைப் புதையல் சிறந்த எடுத்துக்காட்டு. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒருசேரக் கிடைத்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து அறிஞர் ஜி. எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அகஸ்டஸ் காலந்தொட்டு வெஸ்பாசியன் காலம் வரையிலான காசுகள் அவற்றுள் இருந்தன. வெஸ்பாசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. எனவே புதையல் மண்ணில் மறைக்கப்பட்டது 69ஆம் ஆண்டுக்குப் பின்னரே என்பது தெளிவாயிற்று. அகஸ்டஸ் காசு ஒன்று மட்டும் தனியே கடைக்கு வந்திருந்தால் இம்முடிபுக்கு யாரும் வந்திருக்க இயலாது.

மற்றொரு செய்தி இன்னும் சுவையுடையது. அக்காசுகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. உள்ளே பொன்தானா என்று பார்ப்பதற்காக வெட்டினர் என்பர் சிலர். இனி நாணயமாகச் செல்லாது, பொன்னாகவே கொள்ளப்படும் என்பதைக் காட்ட வெட்டினர் என்பர் வேறு சிலர். எது சரியாயினும், அத்தழும்பு ஒரு வழக்கத்தைக் காட்டுகிறது என்பதை நூற்றுக்கணக்கான காசுகளை ஒருங்கே பார்த்ததனாலேயே உணர முடிந்தது. வெட்டுப்பட்ட ஒரு காசு தனியே வந்திருப்பின் கடைக்காரர், ‘பழுதுபட்டது’ என்று விலையைக் குறைத்திருப்பார், அவ்வளவே.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றின் மொத்த எடை 1,716 கிராம் எனக் குறிக்கப்பட்டது. எண்ணிக்கையும் எடையும் பதிவானதனால் நாமே வகுத்துப் பார்க்கலாம். ஒரு காசின் சராசரி எடை ஏறத்தாழ 3.4 கிராம். தென்னாட்டு வராகனின் எடையும் ஏறத்தாழ இதுவே. இதனைக் கொண்டு மட்டும் அவை வராகனே என்று முடிவு கட்டலாகாது. ஆயினும் ஆராய்ச்சிக்கு ஒரு வாயில் திறக்கிறது. ஐந்நூற்றைந்து காசும் ஐந்நூறு கைகளுக்குச் சிதறியிருந்தால் இவ்வகுத்தற் கணக்கிற்கே வழியில்லை.

கடைக்காரர் செய்த நன்மை

இவ்வாறு கூறுவதனால் நாணயக் கடைகளைக் குறை கூறுவதாகக் கொள்ளற்க. உலைக்குப் போகவேண்டிய பல காசுகள் கடைக்கு வந்தமையாலேயே பிழைத்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பிழைப்போர், கிடைத்த காசுகளை வணிகரிடம் விற்றனர். அங்கிருந்து அவை காசு ஆராய்வார் கைக்கு வந்தன. ‘மாக்கோதை’ என்று பழந்தமிழ் எழுத்துப் பொறித்த சேரர் வெள்ளிக்காசு இவ்வாறு வெளிப்பட்டதே. அதனை உலகுக்கு அறிவித்தவர், தினமலர் ஆசிரியராக விளங்கி 2021இல் மறைந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க காலச் சேரர் பெயர் தாங்கிய காசு கிடைத்தது தமிழுக்குப் பெரும் பேறு. எனினும் ஆற்று மணலில் உருண்டு வந்த காசுக்கு மண்ணடுக்கு இல்லை. ஆதலால் எழுத்தின் வடிவையும் உருவத்தின் அமைப்பையும் கொண்டே அதன் காலத்தைக் கணிக்க வேண்டியதாயிற்று. ஈட்டியதும் உண்டு, இழந்ததும் உண்டு.

போலியை அறிதல்

பழம் பொற்காசுக்கு விலை ஏற ஏறப் போலிகளும் பெருகும். பொற்கொல்லர் உரைகல்லில் தேய்த்து மாற்றுக் காண்பர். அருங்காசைத் தேய்ப்பது தகாது. அதற்கு நீரே போதும். பொன்னின் ஒப்படர்த்தி 19.3. பவுனில் உள்ள 22 காரட் பொன்னுக்கு அது ஏறத்தாழ 17.5, பித்தளைக்கு ஏறத்தாழ 8.5. பவுனை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தால் எடை அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே குறையும். அதே எடையுள்ள பித்தளைப் போலியானால் ஒரு கிராமுக்கு அருகில் குறையும். ஆர்க்கிமிடீசு தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதிக்காட்டுவதைவிட, நுண்தராசு ஒன்றைக் கொண்டு இதனைச் செய்துகாட்டினால் பிள்ளைகள் உள்ளத்தில் நன்கு பதியும். ஆனால் பொன்னுக்கு நிகரான அடர்த்தியுடைய டங்ஸ்டன் என்னும் உலோகமும் உண்டு. நல்ல பொன்னிலேயே வார்த்த போலியும் உண்டு. ஆதலால் நீர்ச் சோதனை முதற்படியேயன்றி முடிந்த முடிபன்று. அச்சின் கூர்மை, விளிம்பின் அமைப்பு, வார்ப்பில் தோன்றும் நுண்குழிகள் ஆகியவற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் காண வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

தோட்டப் பள்ளிகளில் பணியாற்றும் நமக்கு இதில் ஒரு பங்கு உண்டு. பிள்ளைகளின் வீடுகளில் பாட்டிமார் வைத்துள்ள பழங்காசுகள் இன்னும் பல இருக்கும். பொன் விலை ஏறும்போதெல்லாம் அவை அடகுக் கடைக்கும் உலைக்கும் செல்கின்றன. விற்க வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? வீட்டின் தேவை வீட்டார்க்கே தெரியும். ஆயினும் விற்குமுன் கால்மணி நேரம் கேட்கலாம். காசின் இருபுறத்தையும் அளவுகோலோடு படம் எடுக்கச் செய்க. எடையையும் விட்டத்தையும் குறிக்கச் செய்க. யார், எவ்வூரிலிருந்து, எக்காலத்தில் கொண்டு வந்தனர் என்பதைப் பாட்டி சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். புளியிட்டுத் தேய்த்தல், அமிலத்தில் தோய்த்தல், வளையம் பற்றவைத்தல் ஆகியன வேண்டா. காசு மறைந்தாலும் அக்குறிப்பு நிற்கும்.

மண்ணில் கிடைத்த பொருளுக்கு முறை வேறு. மலேசியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபுச் சிறப்புடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் அதனை உரிய அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அரசுக்கு அறிவிக்கக் கட்டளையிடுகிறது. சட்டத்திற்கு அஞ்சியேனும் அறிவிப்பது நன்று. அறிவின்மேல் கொண்ட விருப்பத்தால் அறிவிப்பது அதனினும் நன்று.

கடைக்காரர்க்கும் ஒரு வேண்டுகோள். வாங்கிய காசுக்கு விலைச்சீட்டு எழுதும்போது, கொண்டு வந்தவர் சொன்ன ஊரையும் அதே சீட்டில் ஒரு வரியாக எழுதுக. சொன்னது மெய்யோ பொய்யோ என்பதைப் பின்னர் ஆராய்வோர் ஆராயட்டும். அவ்வொரு வரியே கடாரத்து மண்ணில் கிடந்த காசையும் தகரப்பெட்டியில் வந்த காசையும் வேறுபிரித்துக் காட்டவல்லது.