வண்டி யாருடையது, ஓட்டியவர் யார்?

சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் காவலர் ஓரங்கட்டச் செய்யும் சில நிமிடங்கள், அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில், ஒரு குடிமகனை அரசு தன் பிடியில் நிறுத்தி வைத்திருக்கும் நேரமாகும். அந்நாட்டு அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம், காரணமற்ற சோதனையிலிருந்தும் சிறைப்பிடிப்பிலிருந்தும் மக்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே வண்டியை நிறுத்துவதற்கு 'நியாயமான சந்தேகம்' வேண்டும் என்று நீதிமன்றங்கள் வகுத்துள்ளன. 1968ஆம் ஆண்டின் டெரி எதிர் ஒஹாயோ வழக்கில் வேரூன்றிய இந்த அளவுகோல், கைது செய்வதற்குத் தேவைப்படும் அளவுக்கு வலுவான ஆதாரத்தைக் கேட்பதில்லை என்றாலும், 'ஏதோ சரியில்லை என்று தோன்றியது' என்பதோடு நின்றுவிடாமல், எடுத்துச் சொல்லக்கூடிய குறிப்பான காரணங்களைக் காவலரிடம் எதிர்பார்க்கிறது. ஓட்டுநரிடம் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே, எவ்விதச் சந்தேகமும் இன்றிக் கண்ணில் பட்ட வண்டியை நிறுத்தக் கூடாது என்று 1979இல் டெலவேர் எதிர் ப்ரௌஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

உரிமம் முடக்கப்பட்டவர் வண்டி ஓட்டும் வழக்குகளில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. காவலர் கண்ணுக்குத் தெரிவது வண்டியின் பதிவெண் மட்டுமே. அதைக் கணினியில் தட்டிப் பார்த்தால் உரிமையாளர் பெயரும் அவருடைய உரிமத்தின் நிலையும் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர் அவரா, மனைவியா, மகனா என்பது கிடைக்காது.

2016 ஏப்ரலில் கான்சஸ் மாநிலத்தின் டக்ளஸ் மாவட்டத்தில் நடந்தது இதுவே. ரோந்திலிருந்த காவலர் ஒருவர் 1995ஆம் ஆண்டு ஷெவர்லே பிக்கப் வண்டியின் பதிவெண்ணைச் சரிபார்த்தபோது, உரிமையாளரின் உரிமம் ரத்தாகியிருப்பது தெரியவந்தது. விதிமீறல் எதையும் அவர் காணவில்லை. ஓட்டியவரை அடையாளம் காணவும் முயலவில்லை. உரிமையாளரே ஓட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்தினார், அந்த ஊகம் உண்மையாகவும் இருந்தது. நீதிமன்றத்தில் அந்தக் காவலர் சாட்சிக்கூண்டில் ஏறவே இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சில வரிகளே வழக்கின் மொத்த ஆதாரம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உரிமையாளர்தான் ஓட்டுவார், உரிமம் பறிபோன பிறகும் ஓட்டுவார் என ஓர் ஊகத்தின் மேல் இன்னோர் ஊகத்தை அடுக்குவது நியாயமான சந்தேகம் ஆகாது என்று கான்சஸ் உச்ச நீதிமன்றம் கருதியது. கான்சஸ் எதிர் க்ளோவர் என்று அறியப்படும் இவ்வழக்கில், 2020 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அதை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், எதிரான தகவல் எதுவும் இல்லாதபோது உரிமையாளரே ஓட்டுகிறார் என எண்ணுவது நடைமுறை அறிவுக்கு உகந்தது என்றார். எனினும் உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டியிருக்க, ஓட்டுபவர் இருபதுகளில் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தச் சந்தேகம் கலைந்துவிடும் என்றும் எல்லை வரைந்தார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர், ஓட்டுபவர் யாரென்று பார்க்கும் பொறுப்பிலிருந்தே காவலரை இது விடுவிக்கிறது என்று வாதிட்டார்.

இத்தீர்ப்பில் மிகுந்த கவனத்துக்குரியது, பெரும்பான்மையோடு உடன்பட்டுத் தனியே எழுதிய நீதிபதி எலினா ககனின் குறிப்பாகும். கான்சஸில் உரிமம் ரத்தாவது பெரும்பாலும் கடுமையான, அல்லது திரும்பத் திரும்பச் செய்த போக்குவரத்துக் குற்றங்களுக்காகவே. சட்டத்தை முன்பே மதிக்காதவர் இப்போதும் மதிக்கமாட்டார் என்ற ஊகத்துக்கு அங்கே இடமுண்டு. ஆனால் தற்காலிக முடக்கம், அபராதத்தையோ பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையையோ கட்டத் தவறியதற்காகவும் வரக்கூடியது; பணமில்லாதவர் சட்டத்தை மீறுபவராகவும் இருப்பார் என்று கொள்ள அதில் எந்த அடிப்படையும் இல்லை. அத்தகைய வழக்கில் தம் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று ககன் எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்பே இந்த வேறுபாட்டை ஏற்றிருக்க வேண்டும். ஏற்காததால், வறுமை காரணமாக உரிமம் இழந்தவரின் பதிவெண்ணும் ஆபத்தான ஓட்டுநரின் பதிவெண்ணும் காவலரின் திரையில் ஒரே எடை பெறுகின்றன.

உரிமம் போனால் பிழைப்பும் போகும் என்பதை அந்நாட்டு நீதிமன்றங்கள் அறியாதவை அல்ல. 1971ஆம் ஆண்டின் பெல் எதிர் பர்சன் வழக்கில் வாதியானவர், மூன்று கிராமப்புறச் சமூகங்களுக்குக் காரில் சென்று ஊழியம் செய்த ஜார்ஜியா மாநிலப் போதகர். மிதிவண்டியில் வந்த ஐந்து வயதுச் சிறுமி அவர் காரின் பக்கவாட்டில் மோதியதால் ஏற்பட்ட விபத்தில், காப்பீடு இல்லாத ஒரே காரணத்துக்காக, தவறு யாருடையது என விசாரிக்காமலே உரிமத்தை முடக்க முற்பட்டது மாநிலம். முறையான விசாரணையின்றி அவ்வாறு பறிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். கலிஃபோர்னியா, போக்குவரத்து அபராதம் கட்டாததற்காக உரிமத்தை முடக்கும் வழக்கத்தை 2017இல் கைவிட்டது.

வண்டியை நிறுத்தியது செல்லுமா என்பதும் குற்றச்சாட்டு நிலைக்குமா என்பதும் தனித்தனிக் கேள்விகள். கலிஃபோர்னியாவில், உரிமம் முடக்கப்பட்டது ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். ஃப்ளோரிடாவில் தெரிந்து ஓட்டினால் குற்றம், தெரியாமல் ஓட்டினால் அபராதத்தோடு முடியும் விதிமீறல். பழைய முகவரிக்குப் போன அஞ்சல் ஒன்று வழக்கின் போக்கையே மாற்றக்கூடும் என்பதால், அறிவிப்பு எப்போது, எங்கே அனுப்பப்பட்டது என்பதை வழக்கறிஞர்கள் துருவிப் பார்க்கின்றனர். வண்டியை நிறுத்தியதே சட்டவிரோதம் என்று முடிவானாலோ, அதன் வழியாகக் கிடைத்த சாட்சியத்தை நீதிமன்றம் பொதுவாக ஒதுக்கிவிடும். இவ்வகை வழக்கில் ஓட்டியவர் யார் என்பதற்குக் காவலர் ஓரங்கட்டிய பிறகு கண்டதைத் தவிர வேறு சாட்சியம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே அது ஒதுக்கப்பட்டால் வழக்கு நிற்பது கடினம். நிறுத்திய பின் கண்டறிந்த எதுவும் நிறுத்தியதை நியாயப்படுத்த உதவாது. சுழல்விளக்கு எரிவதற்கு முன் காவலருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே கணக்கில் கொள்ளப்படும்.