வெளுத்த பவளம் செத்த பவளமா?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் பவளப்பாறைப் படம் ஒன்றைக் காட்டி, "வெள்ளையாகிவிட்டால் அது இறந்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன். தவறு. அடுத்த வாரம் அதே வகுப்பில் திருத்திக்கொண்டேன். நம்மில் பலரும் இப்படிச் சொல்லிவருவதால் எழுதுகிறேன்.

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. பாலிப் என்னும் மிகச் சிறிய விலங்குகள் கூட்டமாகச் சுண்ணாம்புக் கூடு கட்டி வாழ்கின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து பாலிப்புக்கு உணவில் பெரும்பங்கைத் தருபவை அவைதான். நாம் காணும் நிறமும் பெரும்பாலும் அவற்றுடையதே. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால், பாலிப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடி போன்ற உடல் வழியே வெள்ளைக் கூடு தெரிகிறது. உயிர் இருக்கிறது, ஆனால் பட்டினி. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லையென்றால் பவளம் செத்து, வேறு பாசி படர்ந்து கூட்டை மூடிவிடும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் பெருமளவில் வெளுத்தன. அங்கே விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் மூழ்கியதையும் வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டியதே அதற்குப் பெரிய காரணம். 2001இல் கடினப் பவளங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. வெட்டுபவரை வனத்துறைப் படகு தடுக்கலாம். வெந்நீரைத் தடுக்க முடியாது.

எங்கள் பள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். "எங்கப்பா வேலை பாக்குற கம்பெனிப் புகையாலயா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். கண்ணுக்குத் தெரியும் கரும்புகை நம் நெஞ்சுக்குக் கேடு. கடலைச் சூடாக்குவது முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடு. எங்கே வெளியேறினாலும் அது உலகக் காற்று முழுவதும் கலந்துவிடும். கூடும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. உலையிலிருந்தும் வருகிறது, நம் வகுப்பு மின்விசிறிக்கு மின்சாரம் தரும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது, என் பைக்கிலிருந்தும் வருகிறது என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இப்போது நான் மூன்று படங்களைச் சேர்த்துத்தான் காட்டுகிறேன்: நிறமுள்ளது, வெளுத்தது, பாசி மூடியது. நடுவில் உள்ளது பிழைக்க என்ன வேண்டும் என்று மாணவர்களையே கேட்கிறேன்.