மின்சுற்றுப் பலகையும் புற ஊதா விளக்கும்

வானொலி முதல் கணிப்பொறி வரை எந்தக் கருவியைத் திறந்து பார்ப்பினும், செப்புக் கோடுகள் ஓடும் பலகை ஒன்று உள்ளே இருக்கக் காணலாம். இதனை அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்பர். இதனைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் ஆர்வம் மாணவர் பலருக்கு உண்டு. ஒளியுணர் பூச்சிட்ட செப்புத் தகட்டின்மேல், சுற்றின் படம் அச்சிட்ட ஒளிபுகு தாளை வைத்து, அது நகராதவாறு கண்ணாடியால் அழுத்திப் புற ஊதா ஒளி காட்டுவர். பின்னர்த் தகட்டைக் காரக் கரைசலில் கழுவி ஃபெரிக் குளோரைடில் இட்டால், வேண்டாத செம்பு கரைந்து கோடுகள் மட்டும் எஞ்சும். இங்கு எழும் வினா, எவ்விளக்கைத் தேர்வது என்பதே.

புற ஊதாக் கதிரை 1801ஆம் ஆண்டு ரிட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், ஒளியே தென்படாத இடத்தில் சில்வர் குளோரைடு விரைந்து கறுத்ததே அவருக்குச் சான்றாயிற்று. இக்கதிரை அலைநீளத்தால் மூவகைப்படுத்துவர். 315 முதல் 400 நானோமீட்டர் வரை 'ஏ' வகை. 280 முதல் 315 வரை 'பி' வகை. அதற்கும் கீழே 100 வரை 'சி' வகை.

அலைநீளம் குறையக் குறையக் கதிரின் ஆற்றல் மிகும். ஆற்றல் மிக்க விளக்கே விரைந்து வேலை செய்யும் எனக் கருதுவது பிழை. குடிநீர்த் தூய்மிப்பான்களிலும், பழைய இ.பி.ரோம் சில்லுகளை அழிக்கும் கருவிகளிலும் உள்ள கிருமிக்கொல்லி விளக்கு 254 நானோமீட்டர் கதிரை உமிழ்வது. இது தோலைச் சுடும், கருவிழிப்படலத்தைப் புண்ணாக்கும். அவ்வலி உடனே தோன்றாது. சில மணி நேரம் கழித்தே, மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தும். இவ்வளவு தீங்கு செய்யும் கதிர் நம் பணிக்கும் உதவுவதில்லை. படத்தை அழுத்தும் கண்ணாடியே அதனைத் தடுத்துவிடும்!

ஒளியுணர் பூச்சுகளுள் பெரும்பாலானவை 350 முதல் 405 நானோமீட்டர் வரையுள்ள ஒளிக்கு நன்கு இணங்குவன. ஆகவே, பூச்சிகளைக் கவரும் பொறிகளில் எரியும் 'ஏ' வகைக் குழல்விளக்கோ, 395 முதல் 405 நானோமீட்டர் வரை ஒளிரும் எல்.இ.டி. விளக்கோ போதுமானது. வெளிக்கூடு உடைந்த பாதரச ஆவி விளக்கை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. குறுகிய அலைக் கதிர்களைத் தடுப்பது அக்கூடே.

'ஏ' வகையும் முற்றிலும் தீங்கற்றதன்று. அது மங்கலாகத் தோன்றுவதால் கண்பாவை சுருங்குவதில்லை. கதிர் விழிவில்லை வரை செல்லும். எனவே விளக்கை மூடிய பெட்டியினுள் அமைத்து, மூடியைத் திறந்தவுடன் மின்சாரம் துண்டிக்கப்படுமாறு விசை பொருத்துதல் நலம். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியையே அணிதல் வேண்டும். வெறும் கறுப்புக் கண்ணாடி காவாது.

ஒளி காட்டும் நேரத்தை அறிய, சிறு துண்டுத் தகட்டை மறைத்து நிமிடத்திற்குச் சிறிது சிறிதாகத் திறந்து காட்டுக. கழுவியபின் எப்பகுதி தெளிவாக அமைந்ததோ அதுவே உரிய நேரம். விளக்கு வாங்குமுன் நிறத்தைப் பாராமல், அதன்மேல் எழுதிய அலைநீளத்தைப் பாருங்கள். அது எழுதப்படாத விளக்கை விலக்குங்கள். பழுதான பலகையை மீண்டும் செய்து கொள்ளலாம். பழுதான கண்ணுக்கு மாற்று இல்லை.