பாகத்தைத் தேடாதே, செய்தவரைத் தேடு!

1961ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த ‘கப் கேடட்’ தோட்ட டிராக்டரின் இன்ஜின் வெறும் 7 குதிரைத்திறன் கொண்டது. நம் தெருவில் ஓடும் 110 சிசி ஸ்கூட்டரின் திறனும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால், அந்தச் சின்ன வண்டி கலப்பை இழுத்தது, புல் வெட்டியது, குளிர்காலத்தில் வாசலை மறித்த பனியைத் தள்ளியது. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஆலையில் மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 65,000 வண்டிகளைச் செய்து இறக்கியது. அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் அவற்றைக் கொட்டகைகளிலிருந்தும் பழைய இரும்புக் கடைகளிலிருந்தும் இழுத்துவந்து ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் அந்நாட்டில் ஏராளம்.

அவர்கள் எல்லோருக்கும் வரும் முதல் தலைவலி அசல் உதிரிபாகம். இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981இல் கப் கேடட் தொழிலை எம்டிடி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்டில் பாண்ட் குடும்பத்தார் வளர்த்த வீல் ஹார்ஸ் என்ற தோட்ட டிராக்டர் நிறுவனம், 1986இல் டோரோ நிறுவனத்தின் கைக்குப் போனது. கம்பெனி கைமாறும்போது வரைபடங்களும் கிடங்குகளும் முழுசாகக் கைமாறுவதில்லை. கடைக்காரரிடம் பாகத்தின் எண்ணைச் சொன்னால் ‘தயாரிப்பு நிறுத்தப்பட்டது’ என்ற பதிலே பல சமயம் வருகிறது.

இந்த வேலையில் பழுத்தவர்கள் அந்தப் பதிலோடு நின்றுவிடுவதில்லை. தோட்ட டிராக்டரில் பெயர்ப்பலகை ஒருவருடையது. உள்ளிருக்கும் உறுப்புகள் பலருடையவை. பானெட்டில் எழுதிய பெயரால் தேடிக் கிடைக்காத பாகம், அதை உண்மையில் செய்தவரின் பெயரால் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பெயர் ஒன்று, உறுப்புகள் பல

கப் கேடட்டையே எடுத்துக்கொள்வோம். இன்ஜின், கோலர் நிறுவனத்தின் கே161. நமக்குக் கோலர் என்றால் குளியலறைக் குழாயும் வாஷ்பேசினும்தான் நினைவுக்கு வரும். விஸ்கான்சின் மாநிலத்தில் 1873இல் தொடங்கிய அதே நிறுவனம்தான் இந்த ஒற்றை சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜின்களையும் செய்தது. கார்புரேட்டர், கார்ட்டர் நிறுவனத்துடையது. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புவதும் கிளம்பிய பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் ஒரே உருளைதான்; ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் எனப்படும் அது டெல்கோ-ரெமியின் தயாரிப்பு. கியர்பாக்ஸும் பின் அச்சும், அதே லூயிவில் ஆலையில் 1947இல் உற்பத்தி தொடங்கிய ‘ஃபார்மால் கப்’ என்ற வயல் டிராக்டரின் வடிவமைப்பிலிருந்து வந்தவை.

இதில்தான் தேடுபவரின் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஜான் டீர் நிறுவனம் 1963இல் விஸ்கான்சினின் ஹோரிகான் ஆலையில் தொடங்கிய 110 மாடலிலும் முதலில் இருந்தது இதே கோலர் கே161தான். வீல் ஹார்ஸும் கோலரின் கே வரிசை இன்ஜின்களைத் தன் பல மாடல்களில் பொருத்தியது. ஜான் டீரின் பச்சை வண்டிக்காரர் தேடி அலுத்த பிஸ்டன் ரிங், கப் கேடட்டின் மஞ்சள் வண்டிக்காரரின் அலமாரியில் பிரிக்காத பெட்டியில் இருக்கக்கூடும்.

சில வண்டிகள் முழுசாகவே மாற்றுப்பெயரில் ஓடியவை. அல்லிஸ்-சால்மர்ஸ் பெயரில் 1961இல் வந்த பி-1, உண்மையில் போர்ட் வாஷிங்டனில் சிம்ப்ளிசிட்டி நிறுவனம் செய்துகொடுத்த வண்டி. பி-1க்குக் கிடைக்காத பாகத்தைச் சிம்ப்ளிசிட்டி பெயரிலேயே வந்த டிராக்டரில் தேடுவதுதான் வழி. சியர்ஸ் கடைகளில் விற்ற டிராக்டர்களைச் சியர்ஸ் செய்யவில்லை. மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும்: அந்தக் காலத்து டிராக்டரில் 917 என்று தொடங்கினால் ரோப்பர் நிறுவனம்; இன்ஜினில் 143 என்று தொடங்கினால் டெகம்சே.

எண் தட்டு என்னும் ஜாதகம்

எனவே மீட்பு வேலை ஸ்பேனரில் தொடங்குவதில்லை, எண் தட்டில் தொடங்குகிறது. டிராக்டரின் வரிசை எண் ஒன்று; இன்ஜினுக்குத் தனி எண் தட்டு. கோலர் தட்டில் மாடல், ஸ்பெக், சீரியல் என மூன்று எண்கள் இருக்கும். பலர் மாடலை மட்டும் குறித்துக்கொண்டு பாகம் வாங்கி ஏமாறுவார்கள். கே வரிசையைச் சேர்ந்த ஒரே கே181 இன்ஜினை வெவ்வேறு டிராக்டர் கம்பெனிகளுக்கு வெவ்வேறு ஷாஃப்ட் நீளத்தோடும் ஆயில் பேனோடும் கோலர் செய்து அனுப்பியது. எது யாருக்குப் போனது என்பதை ஸ்பெக் எண்தான் சொல்லும். மாடல் எண்ணிலும் ஒரு செய்தி உண்டு: கே161இன் கொள்ளளவு சுமார் 16 கன அங்குலம், கே181இன் கொள்ளளவு 18ஐச் சற்றே தாண்டும்.

அடுத்த தேவை, அந்த வண்டிக்கான பார்ட்ஸ் கேட்டலாக். ஒவ்வொரு திருகையும் வாஷரையும் பிரித்துக் காட்டிய படங்கள் கொண்ட அந்தப் புத்தகம் இல்லாமல் கழற்றத் தொடங்குவது வீண் வேலை. பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருந்தால் அதையும் பிடிக்க வேண்டும். நிறுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட பாகம், புதிய எண்ணில் கடை அலமாரியில் உட்கார்ந்திருப்பதுண்டு. கப் கேடட் நிறுவனம் இண்டர்நேஷனல் காலத்துப் பாகங்கள் சிலவற்றை ‘ஐஎச்’ என்று தொடங்கும் எண்களில் விற்றுவருகிறது. வீல் ஹார்ஸ் கையேடுகளை டோரோ பொதுவில் வைத்திருக்கிறது.

பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் டிராக்டர் கடைக்குப் போகவே வேண்டாம். பேரிங்கின் விளிம்பில் அதன் எண் பொறித்திருக்கும். சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று அளவுகள் போதும். இவை எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானவை. பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அவசரமே எதிரி

மழையில் கிடந்த வண்டியில் பாகம் தேடுவதைவிட, இருக்கும் பாகத்தை உடைக்காமல் கழற்றுவதே பெரிய வித்தை. ஸ்டீயரிங் சக்கரம் ஷாஃப்டோடு துருவேறி ஒன்றாகியிருக்கும். பின் சக்கரத்தின் ஹப்பும் அப்படியே. சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு விண்டுபோகும். தேட வேண்டிய பட்டியலில் இன்னொன்று சேரும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊறவிடுவது, மிதமாகச் சூடேற்றுவது, இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டிக் கொஞ்சம் இறுக்கிவிட்டு மறுநாள் மறுபடி இறுக்குவது ஆகியவைதான் வழி. இறுகிப்போன பிஸ்டனுக்கும் அதே மருத்துவம்: ஸ்பார்க் பிளக் துளை வழியே எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து, ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

கே வரிசை இன்ஜினைப் பிரித்தால் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டிங் ராடு. அலுமினியத்தால் ஆன அது, இடையில் பேரிங் எதுவும் இல்லாமல் நேரடியாக கிராங்க் ஷாஃப்டின்மேல் சுழல்கிறது. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி எண்ணெயை வாரி அடித்துத் தெளிப்பதுதான் லூப்ரிகேஷன். எண்ணெய் குறைந்தால் ராடு ஒடியும். ஒடிந்த ராடு சில சமயம் இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். கிராங்க் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் 0.010 அங்குலம் சீவி, அதற்கேற்ற அளவில் வரும் ராடைப் போடலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் 0.010, 0.020, 0.030 அங்குலம் கூடுதலான பிஸ்டன்கள் உண்டு. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே ரீபோர் செய்யச் சொல்ல வேண்டும். துளையைப் பெரிதாக்கிவிட்டு அந்த அளவுப் பிஸ்டனுக்கு அலைவது, புதிதாக இறங்குபவர்கள் விழும் பள்ளம்.

கார்புரேட்டர் விஷயத்தில் ஆசை காட்டும் பொறி, மலிவாகக் கிடைக்கும் நகல். பார்க்க அச்சாக அதுபோலவே இருந்தாலும் ஜெட் அளவு சரியாக அமையாமல், இன்ஜின் வெறுமனே ஓடும்போது நன்றாக இருந்து, சுமையேறும்போது இழுவையின்றித் திணறுவதுண்டு. பழைய கார்ட்டரையே சுத்தம் செய்து, த்ராட்டில் ஷாஃப்ட் ஆடாமல் புஷ் போட்டு, புதிய கேஸ்கெட் கிட் மாற்றினால் அது இன்னொரு தலைமுறை உழைக்கும். இக்னிஷனில் பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம் இருக்க வேண்டும். ‘கிளம்பவே மாட்டேன்’ என்று கைவிடப்பட்ட வண்டிகளில் பல, கருகிய பாயின்டைத் தேய்த்து இந்த இடைவெளியைச் சரிசெய்ததும் கிளம்பிவிடுகின்றன.

சந்தையும் சகாக்களும்

கடையில் கிடைக்காததற்கு இருக்கிறது கண்காட்சி. இண்டியானாவின் போர்ட்லேண்டில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் ‘ட்ரை-ஸ்டேட்’ இன்ஜின், டிராக்டர் கண்காட்சி இவர்களுக்குத் திருவிழா. ஓடும் இன்ஜின்களின் சத்தத்துக்கு நடுவே, வரிசை வரிசையாகத் தரையில் விரித்த பழைய பாகங்கள். ஐயோவாவின் மவுண்ட் பிளசன்ட்டில் 1950 முதல் நடக்கும் பழைய கதிரடிப்போர் கூடல் இன்னொன்று. மூடப்பட்ட கடைகளின் கிடங்கிலிருந்து பெட்டி பிரிக்காமல் வரும் பழைய சரக்கு, இத்தகைய இடங்களில்தான் கண்ணில் படும். ‘உழவு நாள்’ என்று சொல்லிச் சிறு டிராக்டர்களை ஒரே வயலில் இறக்கி உழுது பார்க்கும் கூட்டங்களும் உண்டு. யாரிடம் எந்தப் பாகம் இருக்கிறது என்ற செய்தி அங்கேதான் வாய்வழியாகப் பரவுகிறது.

செய்தவரே இல்லாமல் போனால்? டெகம்சே இன்ஜின் உற்பத்தி 2008இல் நின்றது. அதன் இக்னிஷன் பாகங்கள் சிலவற்றுக்கு மிஞ்சிய பழைய சரக்கும் கழற்றிய வண்டிகளும்தான் கதி. ஆனாலும் இன்ஜின் பாகத்தை லேத்தில் கடையலாம், வேறு இன்ஜினையே பொருத்தலாம். உண்மையில் மாற்று இல்லாதவை தகடுகள்: பானெட், முன் கிரில், ஃபெண்டர். அந்தந்த மாடலுக்கென அச்சில் அடித்த அவற்றை வேறு நிறுவனங்கள் பெரும்பாலும் செய்யவில்லை. ஸ்டிக்கர், சீட், ஸ்டீயரிங் சக்கரம் ஆகியவற்றுக்கு நகல் செய்பவர்கள் இருக்கிறார்கள். நெளிந்து துருப்பிடித்த பானெட்டுக்கு இன்னொரு வண்டியின் பானெட்தான் மருந்து.

ஜான் டீரின் ‘பேட்டியோ’ வரிசை இதற்கு நல்ல உதாரணம். 1969 முதல் 1971 வரை அந்நிறுவனம் தன் பச்சையை ஒதுக்கிவிட்டு, வெள்ளை உடலுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று நான்கு நிறங்களில் பானெட்டும் சீட்டும் போட்டு விற்றுப் பார்த்தது. விற்பனை எடுபடவில்லை. அன்று சீந்துவாரற்றுக் கிடந்த அந்த நிறத் தகடுகளைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்கள். பின்னாளில் பச்சை பூசப்பட்ட பழைய வண்டியைச் சுரண்டும்போது அடியில் ஆரஞ்சு தெரிந்தால், அதற்குமேல் உப்புத்தாளை நகர்த்தாமல் நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம்.

மீட்டெடுப்பில் பெயின்ட் கடைசி வேலை. வாங்கும்போதும் பளபளப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. இன்ஜின் ஓடாவிட்டாலும் தகடு முழுசாக, எண் தட்டு ஒட்டியபடி இருக்கும் வண்டிதான் மலிவில் முடியும். முடிந்தால் அதே மாடலில் உடைந்த வண்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். டிராக்டர் என்றில்லை, எந்தப் பழைய இயந்திரத்தைக் கையிலெடுத்தாலும் இது பொருந்தும்: புதிய பாகம் பொருந்தி, வண்டி சுமையோடு ஓடிக்காட்டும் வரை பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். அளவெடுக்க அதைவிட நல்ல மாதிரி வேறு கிடைக்காது.