இளவரசியை மீட்ட பிறகு: மாரியோவின் இரண்டாம் சுற்று

தொண்ணூறுகளில் புலம்பெயர் நாடுகளில் வளர்ந்தவர்களுக்கு சுப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டை இன்று அவர்களின் பிள்ளைகள் சுவிட்ச் கருவியில் விளையாடுகிறார்கள். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் இரண்டாம் சுற்றைப் பற்றி வீடுகளில் பெரிதாகப் பேச்சில்லை.

எட்டாம் உலகத்தின் நான்காம் கட்டத்தை முடித்து இளவரசியை மீட்டால், அவள் நன்றி சொல்லிவிட்டுப் புதியதொரு பயணத்தைப் பரிசாகத் தருகிறாள். 'பி' பொத்தானை அழுத்தி எந்த உலகத்திலிருந்தும் தொடங்கலாம். பார்த்தால் அதே பாதை, அதே குழாய்கள். ஆனால் முதலில் எதிரே வருவது நாம் பழகிய கூம்பா அல்ல, கறுத்த ஓடுடைய வண்டு. கூம்பாக்கள் நின்ற இடமெல்லாம் இப்போது இந்த வண்டுகள்தான்.

இந்த ஒரு மாற்றம் முழு விளையாட்டையும் புரட்டிப்போடுகிறது. கூம்பாவை மிதித்தால் நசுங்கிப்போகும். வண்டை மிதித்தால் ஓட்டுக்குள் ஒடுங்கும், கொஞ்ச நேரத்தில் மீண்டும் எழும்பும். நெருப்புப் பந்து அதை ஒன்றும் செய்யாது. முதலாம் கட்டத்தில் அந்த ஓட்டை உதைத்தால், முன்னால் உள்ள குழாயில் மோதித் திரும்பி வந்து எம்மையே தாக்கும். எதிரிகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் நடக்கிறார்கள், ஏறி இறங்கும் பலகைகளின் நீளமும் குறைந்துவிடுகிறது.

ஏன் இப்படி? புதிய கட்டங்களைச் சேர்க்க இடமில்லை. 32 கட்டங்கள், இசை, படங்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் 40 கிலோபைட். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படமே இதைவிடப் பல மடங்கு பெரியது. எனவே நிரலில் ஒரேயொரு அடையாளத்தை வைத்தார்கள். அது இயக்கப்பட்டிருந்தால், கூம்பா வரவேண்டிய இடத்தில் வண்டை வை, வேகத்தைக் கூட்டு. கட்டங்களின் வரைபடத்தில் எதையும் தொடவில்லை. முதற் சுற்றிலும் இதே சிக்கனம் உண்டு. ஐந்தாம் உலகத்தின் மூன்றாம் கட்டம், முதலாம் உலகத்தின் மூன்றாம் கட்டமேதான், பலகைகளைக் குறுக்கிப் பறக்கும் குண்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சேமிக்கும் வசதி அந்தக் கார்ட்ரிஜில் கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் இரண்டாம் சுற்றும் மறைந்துவிடும், திரும்பவும் இளவரசியை மீட்க வேண்டும். "முடிச்சாச்சுத்தானே, இனி நிப்பாட்டு" என்று பெற்றோர் சொல்லும்போது பிள்ளை ஏன் அழுகிறது என்பதற்கு இது நியாயமான காரணம்.

எல்லா நிறுவனங்களும் இதை இவ்வளவு கண்ணியமாகச் செய்யவில்லை. கப்கொம் நிறுவனத்தின் கோஸ்ட்ஸ் அண்ட் கொப்ளின்ஸ் விளையாட்டும் 1985இல் வந்ததுதான். கடைசி எதிரியை வென்றதும், கண்டதெல்லாம் மாயை என்று சொல்லித் தொடக்கத்துக்கே அனுப்பிவிடுகிறது. உண்மையான முடிவைக் காண, இன்னும் கடினமான இரண்டாவது சுற்றையும் முடிக்க வேண்டும். நாணயம் போட்டு விளையாடும் இயந்திரத்துக்காக உருவானது என்பதை நினைத்தால் நோக்கம் விளங்கும். எமக்கு இது பரிசாகத் தெரியவில்லை.

1986இல் ஜப்பானில் வெளியான மாரியோவின் இரண்டாம் பாகம் இன்னொரு கோணல். எழுத்துகளால் பெயரிட்ட நான்கு மறை உலகங்களைத் திறக்க, விளையாட்டை எட்டு முறை முடிக்க வேண்டும். அமெரிக்கர்களுக்கு அது மிகக் கடினம் என்று கருதப்பட்டதால், 1993இல்தான் அங்கே ஒரு தொகுப்பில் சேர்ந்து வந்தது. எட்டு முறை என்பது பொறுமைக்கான சோதனையே தவிர திறமைக்கானது அல்ல.

எமக்குப் பிடித்தது 1992இல் கேம் போய் கருவிக்கு வந்த கேர்பியின் வழி. மசாஹிரோ சகுராய் அதைப் புதிதாக விளையாடுபவர்களுக்காகவே இலகுவாக அமைத்தார். முடித்ததும், தொடக்கத் திரையில் மேல் அம்பு, 'ஏ', 'செலக்ட்' மூன்றையும் ஒன்றாக அழுத்தும்படி சொல்கிறது. அழுத்தினால் வேகமும் மூர்க்கமும் கூடிய எதிரிகளோடு அதே விளையாட்டு. இதற்குச் சேமிப்பே தேவையில்லை. கொப்பியில் எழுதி வைத்தால் தம்பி, தங்கையும் பயன்படுத்தலாம்.

சுவிட்ச் கருவியில் பழைய மாரியோவை நடுவில் நிறுத்திச் சேமிக்கலாம் என்பதால், இரண்டாம் சுற்று இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த முதல் வண்டைக் கண்டதும் மிதிக்க வேண்டாம், மேலால் பாய்ந்து கடந்து போகச் சொல்லுங்கள்.