கட்லெட் ஏன் வெடிக்கிறது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

வேதியியல் என்றவுடன் நம்மில் பலருக்குச் சோதனைக் குழாயும் பியூரெட்டும் நினைவுக்கு வரும். எனக்கோ சென்ற ஆண்டு முதல் ஒரு சீனச்சட்டியும், அதில் வெடித்துச் சிதறிய நாற்பது கட்லெட்டுகளுமே நினைவுக்கு வருகின்றன.

தோவாளை வட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். மழைக்காலத்தில் வேலை இருக்காது. பருவத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளும் அந்த மழையோடுதான் வந்தது. பேருந்து நிறுத்தத்தின் அருகிலுள்ள தேநீர்க் கடைக்கு நாள்தோறும் மாலையில் நாற்பது கட்லெட் செய்து தருவதாக அம்மா ஒப்புக்கொண்டார்கள். கிழங்கும் மீனும் சமைப்பதில் அம்மாவை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. ஆகவே ஒருவருக்கும் கவலை இல்லை.

முதல் நாள், எண்ணெயில் விழுந்த சற்று நேரத்திலேயே கட்லெட்டுகள் விரிசல் விட்டன. உள்ளிருந்த கிழங்கு வெளியே வந்து எண்ணெயைக் கலக்கியது. துளைக்கரண்டியால் அள்ளினால் கட்லெட்டாக வரவில்லை, புட்டாக வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"மக்ளே, ரெண்டு வருசமாட்டு காலேஜுக்குப் போற. இது ஏன் பொட்டுதுன்னு உன் புஸ்தகத்துல இல்லியா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பிறகு தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'கோத்லெத்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய விலா எலும்புத் துண்டு என்பது பொருள். அது ஆங்கிலத்தில் 'கட்லெட்' ஆயிற்று. வெள்ளையரோடு இங்கு வந்த பின் எலும்பு போய்விட்டது. மசித்த கிழங்கும் கொத்திய இறைச்சியும் ரொட்டித்தூளும் நின்றுவிட்டன. ஐரோப்பாவில் ரிஸோல், குரோக்கெட் என்றெல்லாம் வழங்கும் பண்டங்கள் இதற்கு உறவுக்காரர்களே. இலங்கையில் மீன் கட்லெட் இல்லாத சிற்றுண்டிக் கடையைக் காண்பது அரிது. 1958-இல் திருச்சூரில் தொடங்கிக் கேரளமெங்கும் பரவிய தொழிலாளர் கூட்டுறவு இந்தியன் காபி ஹவுஸ்களில் பீட்ரூட் சேர்த்த சிவப்புக் கட்லெட் கிடைக்கும். திருவனந்தபுரம் சென்றவர்கள் தம்பானூரில் அதைச் சுவைத்திருப்பார்கள்.

உருளைக்கிழங்குக்குப் பதில் எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. தென் அமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1949 வரை நம் மாவட்டமும் அந்தத் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றபோது மக்கள் பசியாறியது இக்கிழங்கால்தான். நாஞ்சில் நாட்டில் நெல் விளைந்தது; மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் கிழங்கு விளைந்தது. அம்மா கல்குளத்துக்காரி. கிழங்கு எங்கள் வீட்டுக்கு வந்த வழி அது.

மரச்சீனியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். அதில் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கை வெட்டும்போது கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி அதைச் சிதைக்க, இறுதியில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. கசப்பு வகைகளில் இது மிகுதி. தோலை நன்றாகச் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பானையில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். லினமாரின் நீரில் கரைந்து வெளியேறும். அமிலமோ 26 பாகை சென்டிகிரேடிலேயே கொதிப்பதால் ஆவியாகப் போய்விடும். மூடியைத் திறந்து வைப்பதும் முதல் தண்ணீரைக் கொட்டுவதும் அம்மாவின் பழக்கம். காரணம் கேட்டால், "எங்கம்மை அப்பிடித்தான் செய்வா" என்பார்கள். பாட்டி செய்தது சரியான வேதியியல் என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி முடியாது.

இனி வெடிப்புக்கு வருவோம். குற்றவாளி தண்ணீர்தான். நீர் கொதித்து நீராவியாகும்போது அதன் பருமன் சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. கட்லெட்டின் உள்ளே ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஆவி வெளியேற வழி தேடும். மேலோடு உறுதிப்படுமுன் ஆவி பிறந்தால் ஓடு கிழிகிறது.

அரைக் கிலோ வெந்த கிழங்கை வடித்தவுடன் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். பிறகு அகன்ற சட்டியிலிட்டு, இளந்தீயில் பத்து நிமிடம் கிளறி, மீண்டும் நிறுத்தேன். 440 கிராம் இருந்தது. கடைக்காரர், "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். காணாமற்போன 60 கிராம் நீர் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 100 லிட்டர் நீராவி! பொரிக்கும்போது எல்லா நீரும் ஆவியாவதில்லை என்பது உண்மை. அதில் பத்தில் ஒரு பங்கே போதும், நாற்பது கட்லெட்டின் மானத்தை வாங்க.

ஈரம் வேறு வழிகளிலும் வந்தது. அம்மா சின்ன உள்ளியைப் பச்சையாக அரிந்து உப்போடு பிசைந்திருந்தார்கள். உப்பு, சவ்வூடு பரவலால் உள்ளியின் நீரை வெளியே இழுத்துவிட்டது. மேலும், மசித்த கிழங்கைச் சூடாகவே உருட்டினார்கள். வேகும்போது நீரை ஏற்றுக் கூழாகும் மாவுப்பொருள், ஆறும்போது மீண்டும் இறுகிக் கெட்டிப்படுகிறது. ஆறவிடாத உருண்டைக்கு அந்த உறுதி கிடையாது.

திருத்திய முறையைச் சொல்கிறேன். வெந்து வடித்து உலர்த்திய கிழங்கு அரைக் கிலோ. அவித்து முள் நீக்கிய மீன் கால் கிலோ. சாளையும் நன்று, ஆனால் முள் எடுக்கப் பொறுமை வேண்டும், சூரையானால் எளிது. சின்ன உள்ளி 100 கிராம், இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் ஆறு, கறிவேப்பிலை ஒரு கொத்து, நல்லமிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு. உள்ளி, இஞ்சி, மிளகாயை ஈரம் போகும்வரை வதக்கி, மீனையும் அதிலிட்டுப் புரட்டி, ஆறியபின் கிழங்கோடு பிசைய வேண்டும். 15 அல்லது 16 கட்லெட் வரும். தட்டையாகத் தட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள்.

அடுத்தது மேலங்கி. அடித்த முட்டையில் தோய்த்து, ரஸ்கைப் பொடித்த தூளில் புரட்ட வேண்டும். முட்டையின் வெண்கரு 62 பாகை அளவிலேயே உறையத் தொடங்கி, தூளையும் கிழங்கையும் ஒட்டிப் பிடிக்கிறது. முட்டை உண்ணாதவர்கள் மைதா மாவை நீர்க்கக் கரைத்துக்கொள்ளலாம். விளிம்பில் தூள் படாத இடம் இருந்தால் ஆவி முதலில் அங்கேதான் கிழிக்கும். ரொட்டித்தூள் ஏற்கெனவே உலர்ந்தது. ஆதலால் விரைவில் மொறுமொறுப்பாகிறது. அதன் பொன்னிறமும் மணமும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வெப்பத்தில் சேர்ந்து நிகழ்த்தும் வினையால் வருபவை. 1912-இல் அதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் பெயராலேயே அவ்வினை வழங்குகிறது.

எண்ணெயின் சூடு 170 பாகை சுமாருக்கு இருக்க வேண்டும். ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 பாகை அளவில் புகையத் தொடங்கும். ஆகவே புகை வருமுன் போட்டுவிட வேண்டும். சூட்டை அளக்க ஆய்வகத்துப் பாதரச வெப்பமானியை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை எனக்கும் வந்தது. நண்பர்களே, அதைச் செய்யாதீர்கள். உடைந்தால் பாதரசம் நஞ்சு. ஒரு சிட்டிகை ரொட்டித்தூள் போதும். போட்டதும் நுரைத்துக்கொண்டு மேலே வந்தால் சூடு சரி. அன்று அம்மா ஒரே ஈட்டில் பத்துக் கட்லெட் போட்டார்கள். எண்ணெய் குளிர்ந்து ஓடு உறுதிப்படத் தாமதமாயிற்று. இப்போது நான்கு மட்டுமே. மூன்று, நான்கு நிமிடம் போதும். ஈரம் உள்ளவரை கட்லெட்டின் உட்பகுதி 100 பாகையைத் தாண்டாது. எனவே மீனும் கிழங்கும் முன்னரே வெந்திருப்பது கட்டாயம். கட்லெட் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் வெளியே எடுத்த பிறகுதான் என்பதையும் அறிந்து வியந்தேன். உள்ளேயுள்ள ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மேலிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே எடுத்தவுடன், சூடு இருக்கும்போதே, நன்றாக வடிக்க வேண்டும்.

வெடிப்பு நின்றது. ஆனால் இரண்டாம் முறை கடைக்காரர் பாதியைத் திருப்பி அனுப்பினார். கட்லெட் நமத்துப் போயிற்றாம். சுடச்சுட எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, இறுக மூடிக் கொண்டுபோனவன் நானேதான். உள்ளிருந்து வந்த ஆவி மூடியில் நீராகி ஓட்டின்மேல் சொட்டியிருக்கிறது. நான் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே அம்மா பரணிலிருந்து பனை ஓலைப்பெட்டி ஒன்றை இறக்கிவிட்டார்கள். ஓலை இடுக்கு வழியே ஆவி போய்விடும். அந்தப் பெட்டியில் போன கட்லெட் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

தேர்வுக் கட்டணம் கடைசி நாளுக்கு முந்தைய நாள் கட்டப்பட்டது. கடைக்காரர் இப்போது அறுபது கேட்கிறார். உள்ளி உரிப்பது என் பங்கு. அப்போது கண்ணீர் வருவது ஏன் என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல விடை தயாராக வைத்திருக்கிறேன்.